ஒட்டு தாங்கிவிட்டது

அவனை எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிட்டார்கள். துறைமுகத்தில் அந்தப் பெயருக்கு மரியாதை உண்டு. கப்பலின் அடிவயிற்றில் அப்பிக்கொண்டிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுப்பது அவன் வேலை. மற்ற ஆட்கள் குளிர் தாங்காமல் பல் கிட்டித்துப்போய் மேலே ஏறிய பிறகும், அவன் பாட்டுக்குக் கீழே கிடந்து சுரண்டிக்கொண்டிருப்பான். தரையில் அவன் பேச்சும் நடையும் கொஞ்சம் மந்தம். தண்ணீருக்குள் போய்விட்டால் ஆளே வேறு.

படகு, கீழே இருப்பவனுக்குக் காற்று அனுப்புகிற கம்ப்ரசர், அதன் நீளக் குழாய், கப்பல் ஏஜென்டுகளிடம் கெஞ்சியும் மிரட்டியும் வாங்கி வருகிற வேலை, எல்லாமே அக்கா புருஷனுடையவை. அவரை அவன் மாமா என்பான். அவர் இவனை மாப்ள என்பார். மாமாவும் ஒரு காலத்தில் முங்கியவர்தான். ஒருநாள் படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது, இனிமேல் தண்ணீருக்குள் இறங்கினால் நேராக மேலேதான் என்று வானத்தைக் காட்டிச் சொல்லிவிட்டார்கள். இது அக்காவுக்கும் ஆமைக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. துறைமுகத்தில் மாமா சொன்னது வேறு.

"முதலாளி ஆனப்புறமும் நானே சுரண்டிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?" என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மா போன பிறகு அவனுக்குத் தலை சீவிவிட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டதும், தான் படிப்பை நிறுத்திக்கொண்டு அவனைப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அவள்தான். கல்யாணம் பேசும்போதே, "என் தம்பியும் என்கூடத்தான் இருப்பான்" என்று மாப்பிள்ளை வீட்டார் முகத்துக்கு நேராகச் சொன்னவள். அதனால் அவள் வீட்டு மாடியறை அவனுடையதாயிற்று. அவளிடம் அவனுக்கு எப்போதுமே நீ, வா, போதான். மாமாவே ஒருமுறை, "பெரியவளை நீங்கன்னு சொன்னா என்ன, வாய் வெந்தா போயிடும்?" என்று கேட்டதற்கு, அக்கா சிரித்து, "அவன் நீங்கன்னு சொன்னா எனக்குப் பயமாயிருக்கும்" என்றாள்.

காது போனது ஒரு சளியில்தான். மூக்கு அடைத்துக்கொண்டு தலை பாரமாக இருந்தவனை, கப்பல் கிளம்ப அவசரம் என்று மாமா இறக்கிவிட்டார். கீழே போகப் போக இடது காதுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல வலித்தது. மூக்கைப் பொத்தி ஊதிப் பார்த்தான், திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கியபோது படீரென்றது. வலி சட்டென்று நின்று, குளிர்ந்த தண்ணீர் மண்டைக்குள் புகுந்தது. மேல் எது கீழ் எது என்று தெரியாமல் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டே ஏறி வந்தான். அன்றிலிருந்து அந்தக் காதில் சீழ் நின்றபாடில்லை. இடது பக்கம் யாராவது பேசினால் பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. மருந்து விட்டு விட்டுப் பார்த்தும் ஓட்டை மூடவில்லை.

காது டாக்டர் கெட்டிக்காரர். அது அவருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் திரையில் அவன் செவிப்பறையைப் பெரிதாக்கிக் காட்டினார். எலி கடித்த அப்பளம் மாதிரி நடுவில் பெரிய ஓட்டை.

"சாதாரணமா தசை மேல இருக்கற ஜவ்வை எடுத்து ஒட்டுவோம். உன் வேலைக்கு அது பத்தாது. உன் காதோட குருத்தெலும்பையே எடுத்து, மெல்லிசாச் சீவி உள்ள வெச்சிடறேன். கெட்டியா நிக்கும்" என்றார்.

மயக்க மருந்து கொடுக்காமல், காதை மட்டும் மரத்துப்போகச் செய்து ஆபரேஷன் நடந்தது. முகத்தின் மேல் பச்சைத் துணி. காதின் வாசலில் மொட்டு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் கீறி, குருத்தெலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். வலிக்கவில்லை, ஆனால் கேட்டது. தன் எலும்பைத் தன் தலைக்குள்ளேயே நறுக்குகிற சத்தம். டாக்டர் அந்தத் துண்டைச் சீவிக்கொண்டே தன் புது வீட்டுக் குளியலறைக்கு எந்த டைல்ஸ் போடலாம் என்று நர்சிடம் பேசிக்கொண்டிருந்தார். நர்ஸ் சாம்பல் நிறம் என்றாள். அழுக்குத் தெரியாதாம். துண்டை உள்ளே வைத்து நகர்த்தி நகர்த்திப் பொருத்தும்போது மட்டும் அவர் பேச்சை நிறுத்தினார். பிறகு, "கச்சிதம்" என்றார். அது ஓட்டைக்கா டைல்ஸுக்கா என்று ஆமைக்குத் தெரியவில்லை.

வார்டில் ஊசியின் கிறக்கத்தில் அரைக்கண்ணாகக் கிடந்தபோது, வாசலுக்கு வெளியே டாக்டர் அக்காவிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆபரேஷன் முடிந்த நிம்மதி என்று நினைத்துக்கொண்டான்.

சாயங்காலம் கேட்டான். "என்ன சொன்னாரு?"

"தும்மல் வந்தா வாயைத் தொறந்துக்கிட்டுத் தும்மணுமாம். மூக்கைச் சிந்தவே கூடாதாம். தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாதாம்."

"கடல்?"

அக்கா படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "மூணு மாசம் போகட்டுமாம். அப்புறம் தாராளமா இறங்கலாமாம்."

காதில் அடைத்திருந்த பஞ்சை எடுக்கப் போனபோதும் அக்கா கூட வந்தாள். டாக்டர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நாக்கைத் தட்டிச் சந்தோஷப்பட்டார். கடலைப் பற்றி ஆமை வாயெடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டு, "எல்லாம் ஞாபகம் இருக்கு டாக்டர், நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"உங்க அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கேன். அவங்க பேச்சைக் கேட்டு நடந்துக்கோ" என்றார் டாக்டர்.

அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. இடது காதில் உலகம் திரும்பி வந்தது. மாடிப்படியில் அக்காவின் செருப்புச் சத்தம், குழாயடியில் வாளி நிரம்பிக்கொண்டு வரும்போது ஏறுகிற சுருதி, மாமா பக்கத்து அறையில் போனில் பொய் சொல்வது, எல்லாம் கேட்டது. அக்கா வேண்டுமென்றே இடது பக்கம் வந்து ரகசியக் குரலில், "டேய் ஆமை, காபி ஆறுது" என்பாள். அவன் திரும்பினால் அவளுக்கு அப்படியொரு சிரிப்பு.

மூன்று மாதம் முடிகிற சமயம் மாமாவிடம் முங்கிக்கொண்டிருந்த மற்ற இரண்டு ஆட்களும் வேறொரு கம்பெனிக்குத் தாவிவிட்டார்கள். அதே நேரம் ஒரு பெரிய சரக்குக் கப்பல் வந்து நின்றது. அடியைச் சுத்தம் செய்து கொடுத்தால் அந்தக் கம்பெனியின் எல்லாக் கப்பலும் மாமாவுக்குத்தான். மாமா வீட்டுக்குள் கூண்டுப்புலி மாதிரி நடந்தார். "ஆளில்லன்னு நான் போய்ச் சொல்லணுமா? அதுக்கு நானே இறங்கிடுவேன். பழைய முங்கற சூட் இன்னும் எனக்குப் பத்தும்" என்று வயிற்றை உள்ளே இழுத்துக் காட்டினார். அக்காவின் முகம் வெளுத்ததை ஆமை பார்த்தான்.

மறுநாள் காலையில் அவள் மாடிக்கு வந்தாள்.

"கெடு முடிஞ்சிடுச்சேடா. போயிட்டு வாயேன்."

"மூக்கு இன்னும் சரியாத் தொறக்கலக்கா. கொஞ்ச நாள் போகட்டுமே."

"குருத்தெலும்புடா. உன் பழைய ஜவ்வைவிடக் கெட்டி. டாக்டரே சொன்னாருல்ல?"

"சொன்னாருதான்."

"அப்புறம் என்ன? எனக்காக ஒரே ஒரு தடவை."

எனக்காக என்று அவள் அதுவரை எதற்கும் கேட்டதில்லை. அவன் போனான்.

கீழே இருட்டும் குளிரும் பழையபடி அவனைச் சேர்த்துக்கொண்டன. கப்பலின் வயிறு தலைக்கு மேல் இன்னொரு தரை மாதிரி நின்றது. காது அழுத்தியது. மூக்கைப் பொத்தி ஊதினான். முன்பு இந்த ஆழத்தில் கிழிந்தது இந்தத் தடவை கிழியவில்லை. அடைப்பு திறக்கவும் இல்லை. ஒட்டு சுவர் மாதிரி நிற்கிறது என்று தெம்பு வந்து, மூச்சைக் கட்டி, பலமெல்லாம் சேர்த்து ஊதினான். காதின் ஆழத்தில், ஒட்டுக்கும் பின்னால், எதுவோ டிக் என்று விட்டுப்போனது.

வலி அதிகமில்லை. கப்பல் மட்டும் சுற்ற ஆரம்பித்தது. சுரண்டுகிற கத்தி கையை விட்டுப் போயிற்று. வாயிலிருந்த காற்றுக் குழாயோடு சேர்த்து வாந்தி எடுத்தான். மேலே படகில் காற்று அனுப்பிக்கொண்டிருந்த கம்ப்ரசர்காரர், குழாய் தாறுமாறாக இழுபடுவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, ஆளை இழுத்துப் போட்டார். படகின் பலகையில் குப்புறக் கிடந்து, பலகை தன்னைத் தூக்கி எறிந்துவிடாமல் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். இடது காதில் கேட்டதெல்லாம் ஒரே ரீங்காரம்தான்.

ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் அன்று ஊரில் இல்லை. ஒரு சின்ன டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "ஒட்டு அருமையா இருக்கே. கிழியல, நகரல. காதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று தலைசுற்றலுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

மாமாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"கேட்டியா? ஒட்டு அருமையா இருக்காம். டாக்டரே சொல்லிட்டாரு. உன் தம்பிக்குக் காதுல ஒண்ணும் இல்ல, உடம்புதான் வளைய மாட்டேங்குது."

"மாமா, தலை சுத்துது. கேக்கல."

"இப்ப நான் பேசறது கேக்குதுல்ல?"

"அது வலது காது."

"ஓஹோ. பேசறதெல்லாம் வலது காது, வேலைன்னா இடது காது."

அதிலிருந்து ஆரம்பித்தது. அவன் சுவரைத் தடவிக்கொண்டு குளியலறைக்குப் போனால் மாமா பின்னாலேயே அதே மாதிரி தடவிக்கொண்டு நடந்து காட்டுவார். வீட்டுக்கு வருகிற ஆட்களிடம், "குடிக்காமலே ஆடறான் பாருங்க, செலவில்லாத போதை" என்பார். அவன் உட்கார்ந்திருக்கும்போது இடது காதுக்குப் பின்னால் வந்து பாத்திர மூடியைத் தரையில் போடுவார். சத்தம் வலது காதில் விழுந்து அவன் திடுக்கிட்டால், "பாத்தியா, பாத்தியா!" என்று தொடையைத் தட்டிக்கொள்வார். ஒருநாள் பின்னால் நின்றுகொண்டு அவன் அம்மாவைப் பற்றி, செத்துப்போனவளைப் பற்றி, சொல்லக்கூடாத ஒரு வார்த்தை சொன்னார். அவன் எழுந்து அடிக்கப் போனான். இரண்டடி வைப்பதற்குள் தரை சாய்ந்தது. மேஜை முனையில் புருவம் பட்டு ரத்தம் கொட்டியது. மாமா கொஞ்சம்கூட நகரவில்லை.

"நல்லாவே கேக்குது" என்றார் அக்காவைப் பார்த்து.

அது அவளுக்கும் அம்மாதான். அக்கா பஞ்சு எடுத்து வந்து தம்பியின் புருவத்தை அழுத்திப் பிடித்தாள். மாமாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பஞ்சை மாற்றி மாற்றி வைத்ததை அவன் பாசம் என்று எடுத்துக்கொண்டான்.

சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தால் எதுவும் உள்ளே இறங்கிவிடும். ஒருவேளை நான் நடிக்கத்தான் செய்கிறேனோ என்று அவனுக்கே தோன்ற ஆரம்பித்தது. பெரிய டாக்டர் திரும்பிவிட்டார் என்று தெரிந்ததும், வீட்டில் யாரிடமும் சொல்லாமல், சுவர் உள்ள தெருவாகப் பார்த்து நடந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தான்.

டாக்டர் மைக்ராஸ்கோப்பை இழுத்து வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"என்ன அழகா எடுத்திருக்கு! ஓரமெல்லாம் மூடி, ரத்த ஓட்டம்கூட வந்திடுச்சு."

"கேக்கல டாக்டர்."

"கேக்கலயா?"

கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கிறபோதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். இடது பக்கத்துக்கு அவன் ஒருமுறைகூட அமுக்கவில்லை. எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தான். முடிந்துவிட்டது என்று அந்தப் பெண் கதவைத் திறந்தாள்.

டாக்டரின் முகம் மாறியிருந்தது. "தண்ணிக்குள்ள இறங்கினியா?"

"ஆமா."

"அறிவிருக்கா உனக்கு? குருத்தெலும்பு தாங்கிடுச்சு. அதுக்குப் பின்னால, உள்காதுல ஒரு ஜன்னல் இருக்கு, வெங்காயத் தோல் மாதிரி. நீ ஊதின ஊதுல அது போயிடுச்சு. அன்னைக்கே வந்திருந்தாலாவது ஏதாவது செஞ்சு பாத்திருக்கலாம். இனிமே அந்தக் காது அவ்வளவுதான். நடை கொஞ்சம் கொஞ்சமாச் சரியாகும், முழுசா ஆகாது."

"மூணு மாசம் கழிச்சு இறங்கலாம்னு..."

"யார் சொன்னது மூணு மாசம்? மூக்கையும் காதையும் இணைக்கற உன் குழாய், ஆபரேஷன்லதான் பாத்தேன், அது இருக்கற லட்சணத்துக்கு ஜென்மத்துக்கும் கடல்ல முங்கக் கூடாதுன்னு உங்க அக்காகிட்ட சொன்னேனே. ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்பச் சொன்னேன். அவங்க அழக்கூட செஞ்சாங்க."

ஆமை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை சுற்றியது அறை இல்லை.

அவன் எழுந்திருக்கப் போனபோது டாக்டர் தோளில் கை வைத்து உட்காரவைத்தார். "ஒரு நிமிஷம். அந்த ஒட்டை ஒரு போட்டோ எடுத்துக்கறேன். அடுத்த மாநாட்டுல காட்டணும். தலையை அசைக்காதே."

அவன் அசையாமல் உட்கார்ந்தான்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"டாக்டர்கிட்ட போனியா?"

"ஜென்மத்துக்கும் கூடாதுன்னாராமே."

அக்கா கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அது மாமாவின் சட்டை.

"ஆமா. சொன்னாரு."

அழுவாள், இல்லையென்று சாதிப்பாள் என்று வழியெல்லாம் நினைத்து வந்தவனுக்கு இந்த ஆமா எதிர்பாராதது.

"ஏன்க்கா?"

"நீ இனிமே இறங்கவே மாட்டேன்னா என்னைக்காவது அவர் இறங்கிடுவார்னு ஆஸ்பத்திரியிலயே பயம் வந்திடுச்சு. அந்தக் கப்பலை விட்டுக்கொடுக்கற ஆளா அவர்? அவர் இறங்கினா உசிரு போகும். நீ இறங்கினா போனாக் காது போகும். ரெண்டுல ஒண்ணை நான்தானே பாக்கணும்? பாத்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ போயிருப்பியா?"

அவன் யோசித்தான். போயிருப்பேன் என்றுதான் மனதில் பட்டது. நீ சொல்லியிருந்தால் தெரிந்தே போயிருப்பேன். அதை அவளுக்குத் தர மனம் வரவில்லை.

"தாங்கும்னு நினைச்சேன்டா" என்றாள் அவள், குரல் உடைந்து.

"தாங்கிடுச்சு. போட்டோகூட எடுத்துக்கிட்டாரு." பிறகு கேட்டான், "அவர் என்னை நடிக்கறேன்னு சொன்னப்போ? மூடியைப் போட்டப்போ? அம்மாவை அப்படிப் பேசினப்போ? உனக்குத் தெரியும்ல நான் நடிக்கலன்னு?"

"எப்படிச் சொல்றது? சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாரே. டாக்டர் சொன்னதை மறைச்சேன்னு சொன்னா, ஏன் மறைச்சேன்னு கேப்பார். அவர் நெஞ்சுக்குப் பயந்துதான்னு தெரிஞ்சா அன்னைக்கே குதிச்சிருவார்."

மடித்த துணிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு அவனைக் கடந்து உள்ளே போனாள். போகும்போது, "சாப்பாடு எடுத்து வெக்கறேன், கை கழுவிட்டு வா" என்றாள். எப்போதும் சொல்கிற அதே தொனியில்.

மறுநாள் காலை அவன் படகுத்துறைக்குப் போனான். அந்தச் சரக்குக் கப்பல் அடி சுத்தமாகாமல் கிளம்ப முடியாமல் இன்னும் நின்றுகொண்டிருந்தது. கப்பல் ஏஜென்ட் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தான். கம்ப்ரசர்காரரும் இன்னும் நாலைந்து பேரும் சும்மா நின்றார்கள். மாமா அவனைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"வாங்க, வாங்க! நம்ம நடிகர் திலகம் வர்றார், வழி விடுங்கப்பா. பாத்து, கடல் அந்தப் பக்கம் இருக்கு."

ஆட்கள் சிரித்தார்கள். ஆமை கப்பல் கயிற்றைக் கட்டும் இரும்புக் குத்தியில் உட்கார்ந்துகொண்டான். மந்தமான அவன் பேச்சு அன்று எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

"மாமா, நான் நடிக்கல. என் காது செத்துப்போச்சு. இறங்கவே கூடாதுன்னு டாக்டர் அக்காகிட்ட சொல்லியிருக்காரு. அக்கா எங்கிட்ட மறைச்சுட்டா. ஏன் தெரியுமா? உங்க நெஞ்சுக்குள்ள ஸ்டென்ட் இருக்கு. தண்ணியில கால் வெச்சா செத்துடுவீங்க. அதனால உங்களுக்குப் பதிலா என்னை அனுப்பினா. நீங்க முதலாளி ஆனதால முங்கறதை விடல. முடியாததால விட்டீங்க. அது உங்க பொண்டாட்டிக்கு நல்லாத் தெரியும்."

சிரிப்பு அடங்கிவிட்டது. ஒருவரும் மாமாவைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மாமா சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அண்ணே, வேணாம்" என்றார் கம்ப்ரசர்காரர். "நான் மிஷினை ஓட்ட மாட்டேன்."

மாமா அவரை ஒதுக்கிவிட்டுத் தானே கயிற்றை இழுத்து மிஷினைக் கிளப்பினார். பழைய சூட் பத்தவில்லை. வயிற்றின் மேல் ஜிப் ஏற மறுத்தது. அப்படியே திறந்துவிட்டுக்கொண்டு ஆளைக் கீழே இறக்குகிற ஈயப் பட்டையை இடுப்பில் கட்டினார்.

யாரோ போன் செய்திருக்கவேண்டும். அக்கா செருப்பில்லாமல் ஓடி வந்தாள். அவள் வந்து சேர்ந்தபோது மாமா படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவள் ஏதோ கத்தினாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தார்.

அவள் தம்பியிடம் வந்தாள். அவன் முன்னால் மண்டி போட்டு அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், மிஷினை நிறுத்தச் சொல்லு. காத்து இல்லன்னா மேல வந்துடுவார். நீ சொன்னா கம்ப்ரசர்காரர் நிறுத்துவார். கையெடுத்துக் கும்பிடறேன்டா. ஆமை..."

அது உண்மைதான். கம்ப்ரசர்காரர் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தலையசைப்பு போதும்.

ஆமை மெதுவாகத் திரும்பி, இடது காதை அவள் பக்கம் வைத்துக்கொண்டான்.

"இந்தப் பக்கம் கேக்காதுக்கா" என்றான்.

அவள் அவன் முழங்காலை விட்டுவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்குப் போய் நின்றாள். கீழிருந்து வந்த காற்றுக் குமிழிகளை எல்லோரும் பார்த்தார்கள். குமிழி ஒரு கொத்தாக வரும், நிற்கும், அவள் தோள்கள் உயரும், மறுபடி வரும். ஆமையும் பார்த்தான். அவை நின்றுவிடட்டும் என்று நினைத்தான். அதைத் தெளிவாக, வார்த்தை வார்த்தையாக நினைத்தான். நினைத்தபோது அவனுக்குத் தலைகூடச் சுற்றவில்லை.

மாமா மேலே வந்தார். தானாக ஏணியில் ஏறி, இருமி, எச்சில் துப்பி, பலகையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். சிரித்தார். கையில் பிடுங்கி வந்த சிப்பிக் கொத்து ஒன்று இருந்தது. முகம் இருபது வயது குறைந்து தெரிந்தது. ஓடி வந்த அக்காவின் கையை அவர் தட்டிவிட்டார்.

"ஊரே நினைக்கட்டும் நான் செத்த பொணம்னு. என் பொண்டாட்டி நினைக்கலாமா? நினைச்சு, என் வேலைக்கு ஒரு பையனை வேற பலி கொடுப்பியா?"

பிறகு தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து ஆமையின் பக்கத்தில், வலது பக்கமாகப் பார்த்து, உட்கார்ந்தார். கையிலிருந்த சிப்பிக் கொத்தைக் கீழே வைத்தார். "நடிக்கறேன்னு சொன்னேன்ல மாப்ள. தப்புதான். உங்கம்மாவைச் சொன்னதும் தப்பு" என்றார். மன்னிப்பைக்கூட அவர் கடைசியில் அதட்டலாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னார். ஆமை தலையாட்டினான்.

அந்தக் கப்பலை மாமாவே சுரண்டி முடித்தார். அடுத்த கப்பலையும். புது ஆட்கள் கிடைத்த பிறகும் தினமும் ஒருமுறையாவது இறங்காமல் விடுவதில்லை. புதுசாக ஒரு சூட் வாங்கிக்கொண்டார். டாக்டர் கொடுத்த மாத்திரையை அக்கா எடுத்து நீட்டினால், அவள் கண் முன்னாலேயே ஜன்னல் வழியாக வீசுவார். வீட்டில் அவளோடு பேச்சு இல்லை. அவர் போகிற நாளெல்லாம் அவளும் பின்னாலேயே போய்ப் படகுத்துறையில் உட்கார்ந்து குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். துறைமுகத்தில் ஆட்கள், "அவ்வளவு பாசம் அந்த அம்மாவுக்கு" என்று பேசிக்கொண்டார்கள்.

ஆமை மாடியறையைக் காலி செய்துவிட்டான். படகு எஞ்சின் பழுது பார்க்கிற பட்டறை ஒன்றில் உட்கார்ந்தபடியே செய்கிற வேலை கிடைத்தது. பம்பைப் பிரிப்பது, வாஷர் மாற்றுவது, கழுவி மாட்டுவது. மாமா அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். இரண்டு பேரும் டீ குடிப்பார்கள். கப்பல்களைப் பற்றிப் பேசுவார்கள். முன்பு இருந்ததைவிட இப்போதுதான் அவர்களுக்குள் பேச்சு அதிகம்.

ஒருநாள் மத்தியானம் அக்கா பட்டறைக்கு வந்தாள். மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தாள். வாசலிலேயே நின்று உள்ளே வரலாமா என்பது போலப் பார்த்தாள்.

ஆமை எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தான். பெஞ்சைத் தட்டிவிட்டான்.

"வாங்க" என்றான். "உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. அறைந்தால்கூட அவள் முகம் அப்படி ஆகியிருக்காது.

"எப்படி இருக்கீங்க? மாமா நல்லா இருக்காரா?"

"டேய்" என்றாள் அவள். "திட்டிடுடா. கையை நீட்டி அடிச்சுக்கூடப் போடு. இப்படிப் பேசாதே. ஒரே ஒரு தடவை நீன்னு சொல்லிடு, நான் போயிடறேன்."

அவன் நிதானமாக, மரியாதையாக, வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தத்திடம் கேட்பது போலக் கேட்டான்.

"டீ சாப்பிடறீங்களா, காபியா?"

எதிர்க்கடைக்குக் கை காட்டி அவனே ஒரு காபி வரவழைத்துக் கொடுத்தான். அவள் நின்றபடியே அதைக் குடித்தாள். அவ்வளவு சூட்டையும் ஊதாமல் குடித்தாள். டம்ளரை பெஞ்சில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். மாமா தண்ணீரில் இறங்குகிற நேரம் ஆகியிருந்தது. அவள் கிட்டத்தட்ட ஓடுகிற மாதிரி துறைமுகத்துப் பக்கம் போனாள். ஆமை உட்கார்ந்து, பிரித்துப் போட்டிருந்த பம்பை மறுபடி கையில் எடுத்தான்.